அமரர் கோதண்டபாணி நினைவு நாய்

திண்டிவனத்தில் ஒரு நாய்க்குட்டியை ஒரே நாளில் மூன்று முறை காப்பாற்றினார்கள். முதல் முறை காப்பாற்றியது மாவுக்கடை சவுரியம்மாள். அடுத்த இரண்டு முறையும் காப்பாற்றியது விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு சங்கம். சவுரியம்மாள் காப்பாற்றியதற்கு ஃபோட்டோ இல்லை. சங்கம் காப்பாற்றியதற்கு இருக்கிறது. ஆகவே அந்தக் குட்டியைச் சங்கம்தான் காப்பாற்றியது என்று ஊர் நம்புகிறது. ஊரைக் குறை சொல்வதற்கில்லை, ஃபோட்டோ அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

ஐப்பசி அடைமழை. கடைக்கு எதிரே கால்வாயில் தண்ணீர் கறுப்பாகப் புரண்டுகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு முனகல். சவுரியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, கைக்குக் கிடைத்ததை வெளியே எடுத்தாள். கையகல நாய்க்குட்டி. துடைத்துப் பார்த்தால் உடம்பெல்லாம் செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் யாரோ விரலால் வைத்த மாதிரி ஒரு வெள்ளை. "பொட்டு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அது நிமிர்ந்து பார்த்தது.

வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் சவுரியம்மாளுக்கு இட்லி மாவு, தோசை மாவு வியாபாரம். ஒரே ஒரு நாய் முடி ஒரே ஒரு வீட்டு இட்லியில் வெந்தால் போதும், அந்தத் தெருவே அடுத்த நாளிலிருந்து உப்புமா சாப்பிடும். போதாதற்குக் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் முருகையன் வாசலில் குடையோடு நின்று, "தே பாரும்மா, நாய் கீய்லாம் இங்க வெச்சிக்காத. நான் தண்ணி ஊத்தி வளக்கற மல்லிச்செடிய அது நோண்டுச்சின்னா பேஜாரா பூடும்" என்று சொல்லிவிட்டார். குட்டி இன்னும் கண்ணைக்கூடச் சரியாகத் துடைத்துக்கொள்ளவில்லை, அதற்குள் அதன் மேல் செடி நோண்டிய குற்றம் விழுந்துவிட்டது.

அப்போதுதான் கடை வாசலில் நின்ற ஓர் ஆட்டோவின் முதுகில் அவள் அந்த எழுத்தைப் பார்த்தாள்: "வாயில்லா ஜீவனுக்கு வாய் நாங்கள். அகில உலக ஐந்தறிவு அன்பகம், விழுப்புரம்." கீழே ஒரு நம்பர். நம்பரைவிடப் பெரிதாக ஒரு மீசைக்காரர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நம்பருக்கு ஃபோன் அடித்தாள்.

வேனில் ஐந்து பேர் வந்தார்கள். ஒருவர் செயலாளர் தமிழ்மணி. ஒருவர் கேமராக்காரர். மற்ற மூன்று பேர் பேனர் பிடிக்க. நாயைப் பிடிக்க யாரும் வரவில்லை.

"எங்கம்மா இருந்திச்சி குட்டி?"

"அந்தக் காவாயில சார்."

"இப்ப எங்க?"

"இதோ, மடியில."

தமிழ்மணியின் முகம் விழுந்துவிட்டது. "ஏம்மா, நாங்கதான் வந்துக்கினு இருக்கோம்ல? அதுக்குள்ள இன்னாத்துக்கு அவசரப்பட்டீங்க? மடியில இருக்கிற நாய எப்பிடிம்மா மீட்கறது?"

சவுரியம்மாளுக்கு அது ஏதோ தன் தப்பு போலவே பட்டது. "தெரியாம பண்ணிட்டேன் சார்" என்றாள்.

"சரி, பரவால்ல. எறக்குங்க."

இறக்கினார்கள். கால்வாயில் பேனரின் நிழல் விழ, கையுறை போட்ட தமிழ்மணி குனிந்து குட்டியைக் காப்பாற்றினார். கேமராக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பேனர் மடிந்ததில், அதிலிருந்த சங்கத் தலைவரின் மீசை பாதிதான் தெரிகிறதாம். மறுபடியும் இறக்கினார்கள். இந்தத் தடவை மீசை முழுசாக விழுந்தது. குட்டி நடுங்கியது. அதுவும் நன்றாக விழுந்தது.

பிறகு குட்டியைச் சவுரியம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டு வேனில் ஏறினார்கள்.

"சார், குட்டி?"

"நாங்க மீட்புப் பிரிவும்மா. பராமரிப்பு வேற பிரிவு. நிரந்தர இல்லம் கிடைக்கற வரைக்கும் நீங்கதான் தற்காலிகப் பராமரிப்பாளர். வாழ்த்துக்கள்."

"வேன்லதான் இடம் இருக்குதே சார்."

"பேனர் வைக்கணும்ல?" என்றார் தமிழ்மணி, இது தெரியாதா என்பது போல.

இப்படியாகச் சவுரியம்மாள், தான் காப்பாற்றிய நாயைத் தானே வளர்க்கும் உரிமையைச் சங்கத்திடமிருந்து முறைப்படி பெற்றாள். முருகையனின் காலில் விழாத குறையாகக் கேட்டு, மாசி வரைக்கும் தவணை வாங்கினாள். கடைக்குப் பின்னால் தட்டி கட்டி, மாவு இந்தப் பக்கம், நாய் அந்தப் பக்கம் என்று எல்லை பிரித்தாள். கவர்மெண்ட் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் ஊசியும் போட்டாள்.

பயிற்சி வகுப்பு என்று விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார்கள். பஸ் ஏறிப் போனாள். அன்பகத்தின் ஆபீஸ் ஏசி போட்டு ஜில்லென்று இருந்தது. அங்கேதான் அவளுக்குக் குட்டியின் அதிகாரபூர்வமான பெயர் தெரிந்தது. உபயம் தருகிறவர்கள் தங்கள் வீட்டில் இறந்துபோனவர்களின் பெயரை நாய்க்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அன்பகத்தின் வழக்கம். பொட்டுக்கு விழுந்த பெயர் "அமரர் கோதண்டபாணி நினைவு நாய்." சுருக்கமாகக் கோதண்டபாணி.

"பேர் சொல்லிக் கூப்பிடும்போது வாங்க, போங்கன்னு கூப்பிடணும். உபயதாரர் பையன் மனசு கஷ்டப்படும்" என்றார் தமிழ்மணி.

"அது வெளிய போனாக்கூடவா சார்?"

"எங்க போனாலும்."

வகுப்பின் தலைப்பு "ஒட்டாமல் வளர்ப்பது எப்படி." நடத்தியவர் ஆட்டோ முதுகில் கும்பிட்ட தலைவர், ஜீவகாருண்யச் செம்மல் வேங்கடேசன். அந்தப் பட்டத்தை அவருக்கு அளித்தது அன்பகம். அன்பகத்தை ஆரம்பித்தது அவர். மீசையைத் தடவிக்கொண்டு பேசினார்:

"தற்காலிகப் பராமரிப்பாளர் பாசம் வைக்கக் கூடாது. பாசம் வெச்சிட்டா நாய நீங்களே வெச்சிக்குவீங்க. நீங்களே வெச்சிக்கிட்டா அப்புறம் நாங்க எதுக்கு? என்னையே எடுத்துக்கங்க. இருவது வருஷமா இந்தச் சேவையில இருக்கறேன். இன்னித் தேதி வரைக்கும் ஒரு நாயக்கூட நான் தொட்டதில்ல. ஃபோட்டோவுல இருக்கிற கை தம்பி தமிழ்மணியோட கை. மொகம் மட்டும்தான் என்னோடது. அதுதாங்க பற்றற்ற தொண்டு."

கை தட்டினார்கள். சவுரியம்மாளும் தட்டினாள். தட்டிவிட்டுப் பின்பக்கம் தண்ணீர் குடிக்கப் போனவள் அந்தத் தகரக் கொட்டகையைப் பார்த்தாள். வீடு கிடைக்காத நாய்களை வைக்கிற இடம். கூண்டுக்கு மேல் கூண்டு. ஒரு வெள்ளை நாய், உடம்பைத் திருப்ப முடிகிற அளவுக்கே இருந்த கூண்டில், சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கண் யாரையும் பார்க்கவில்லை.

"இதுங்க எவ்ளோ நாளா இருக்குதுங்க தம்பி?" என்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஆளைக் கேட்டாள்.

"நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்து" என்றான்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது சவுரியம்மாள் ஒன்றே ஒன்று தீர்மானித்தாள். மாசிக்குள் பொட்டுக்கு ஒரு வீடு. இல்லையென்றால் அந்தத் தகரம்.

வீடு தேட அவள் அதிகம் அலையவில்லை. வாரம் ஒரு முறை உளுந்து மூட்டையோடு கடைக்கு வருகிற கெங்கம்மாளே அதைப் பேச்சில் எடுத்தாள். வல்லத்துக்கு அந்தாண்டை அவளுக்கு மூன்று ஏக்கர். உளுந்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கொஞ்சம் கேப்பை. பட்டி நிறைய ஆடு. காவலுக்கு இருந்த நாய் போன கோடையில் செத்துப்போனதிலிருந்து இராத்திரியில் குள்ளநரி வந்து குட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. கெங்கம்மாள் தலையெல்லாம் வெளுத்து, நெடுநெடுவென்று, நூல் புடவையைக் கொசுவம் வைத்துக் கட்டி நிற்கிறவள். அவள் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் போதும், பொட்டு தட்டியைத் தாண்டி வந்து அவள் மடியில் தாடையை வைத்துக்கொள்ளும். மூக்கை விரித்து அவள் புடவையில் ஆட்டு வாசனையை இழுக்கும்.

"சவுரி, இத்த எனுக்குக் குடுத்துடேன். பட்டியில கெடக்கட்டும்."

"அப்பிடியே தூக்கிக் குடுத்துட முடியாதுக்கா. இது இப்ப அன்பகத்துச் சொத்து. அங்க கேக்கணும்."

"நாய்க்கா? இன்னாடி இது, கலெக்டர் ஆபீசாட்டம்?"

"அதவிடப் பெரிய எடங்க்கா. அங்க மனுப் போட்டாலாவது வாங்கிக்குவாங்க. இங்க நேர்முகத் தேர்வு."

கெங்கம்மாள் புதுப் புடவை கட்டிக்கொண்டு தேர்வுக்குப் போனாள். ஏசி அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் தமிழ்மணி, ஃபோனில் எதையோ தள்ளிக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் இருந்தார். பக்கத்தில் தகுதி ஆய்வாளர் பிரபாவதி, கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தாள். சவுரியம்மாள் ஓரமாக நின்றாள்.

"எந்த ஊரு, இன்னா பண்றீங்க?" என்று ஃபோனைக் கேட்டார் தமிழ்மணி.

"வல்லத்துக்கு அந்தாண்டங்க. பயிரு, ஆடு."

"கோதண்டபாணியோட எதிர்காலத்துக்கு இன்னா திட்டம் வெச்சிருக்கீங்க?" என்றாள் பிரபாவதி.

கெங்கம்மாள் சவுரியம்மாளைப் பார்த்தாள். "யாரும்மா அது?"

"நாய்க்கா" என்று கிசுகிசுத்தாள் சவுரியம்மாள்.

"ஓ. காலையில கேப்பக்கூழு ஊத்துவேன், ராவுல சோறு. கறி எடுத்தா எலும்பு. ஆட்டுக்கூட மேய வரும், ராவுல பட்டிக்கிட்ட படுத்துக்கும். நரி வந்தா கொலைக்கும்."

பிரபாவதி பேனாவை வைத்துவிட்டாள். "அப்ப, வேலை வாங்கறதுக்குத்தான் தத்தெடுக்கறீங்க?"

"கொலைக்கறதும்மா. அது நாயிதானே?"

"இஷ்டப்பட்டுக் குரைக்கறது வேற, பொறுப்போட குரைக்கறது வேற. கோதண்டபாணி சாருக்கு இன்னும் ஒரு வயசுகூட ஆவல. இந்த வயசுல அவர நைட் டூட்டி போட்டா மன அழுத்தம் வரும். அதுவும் ஆடுங்களோட வளந்தா, தான் யாருங்கற தெளிவே இல்லாம பூடும்."

"எங்கூட்டு நாயிங்க எதுவும் அது மாதிரி கேட்டதில்லியேம்மா" என்றாள் கெங்கம்மாள்.

அது தகுதிக்குறைவாகக் கருதப்பட்டது.

இருந்தாலும் சங்கத்துக்கு விதிமுறை உண்டே, வீட்டைப் பார்க்காமல் நிராகரிக்கக் கூடாது. பிரபாவதி காரில் வல்லத்துக்குப் போனாள். சவுரியம்மாளும் முன் சீட்டில் உட்கார்ந்து வழி காட்டினாள். வரப்பில் நின்று பிரபாவதி நாலு பக்கமும் திரும்பினாள். ஒரு பக்கம் செஞ்சிக் குன்றுகள், மற்ற பக்கமெல்லாம் உளுந்து.

"காம்பவுண்டுச் சுவர் எங்க?"

"காட்டுக்கு இன்னாத்துக்கும்மா செவுரு?"

"நாய் ஓடிட்டா?"

"ஓடட்டுமே. ஓடத்தானே இவ்ளோ எடம் கெடக்குது."

"பாதுகாப்பில்லாத திறந்தவெளி" என்று எழுதிக்கொண்டாள் பிரபாவதி. வேப்பமரத்து நிழலைக் காட்டியபோது, அது நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பதைக் கண்டுபிடித்து, அதையும் எழுதிக்கொண்டாள். திரும்பி வரும் வழியில், கெங்கம்மாள் கொடுத்த வேகவைத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே, "நல்ல மனுஷிதான். ஆனா நாய் வளக்கத் தகுதியில்ல" என்றாள்.

தகுதி வேறொருவருக்கு இருந்தது. விழுப்புரத்தில் ஒரு மூன்று மாடி வீட்டுக்காரர். அன்பகத்து ஆபீசுக்கு ஏசி வாங்கிக் கொடுத்தவர். அவருக்குத் தேர்வு ஃபோனிலேயே முடிந்தது. அவர் "ஹலோ" என்றார், தேறிவிட்டார். பொட்டுவை வேனில் ஏற்றினார்கள். இந்தத் தடவை பேனரை மடியில் வைத்துக்கொண்டு இடம் பண்ணினார்கள். சவுரியம்மாள் ஒட்டாமல்தான் நின்றாள். வேன் திரும்பியதும் தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அன்று மாவில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது என்று இரண்டு வீட்டில் சொன்னார்கள்.

பொங்கல் முடிந்த கையோடு பொட்டு திரும்பி வந்தது. மாடி வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகும்போது அதைப் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டிச் சோறு இறக்கியிருக்கிறார்கள். விலாவெல்லாம் எண்ணுகிற மாதிரி இருந்தது. குரைத்துக் குரைத்து, இப்போது வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சவுரியம்மாளைப் பார்த்ததும் வால் ஆடவில்லை. மெதுவாக வந்து அவள் காலடியில் படுத்து, அவள் புடவை முந்தானையைப் பல்லால் கவ்விக்கொண்டது.

"இன்னா சார் இது?" என்றாள்.

"இத நாங்க தோல்வியாப் பாக்கலம்மா" என்றார் தமிழ்மணி. "தற்காலிக நிரந்தரம்னு பதிவு பண்ணியிருக்கறோம். அந்த வீட்டுக்கு நல்ல காம்பவுண்டுச் சுவர் இருக்குது. அது கெங்கம்மா வீட்ல இல்ல பாருங்க."

மாசி பிறந்தது. முருகையன் மல்லிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தவணையை ஞாபகப்படுத்தினார். அன்பகத்திலிருந்தும் ஃபோன் வந்தது. இனிமேல் நாய்களுக்கு நிரந்தர இல்லம் தேடும் சிரமம் யாருக்கும் வேண்டாம் என்று தலைவர் முடிவு செய்துவிட்டார். தகரக் கொட்டகைக்கே "நிரந்தர இல்லம்" என்று பெயர்ப்பலகை மாட்டப்போகிறார். ஒரே நாளில் எல்லா நாய்க்கும் நிரந்தர இல்லம் கிடைத்துவிடும். விழா வைத்திருக்கிறார்கள். கோதண்டபாணியைக் குளிப்பாட்டி அழைத்து வரவும்.

விஷயத்தைக் கேட்ட கெங்கம்மாள், "நானும் வர்றேன்டி. கடைசியா ஒரு தபா பாத்துக்கறேன்" என்று மல்லாட்டைப் பையோடு பஸ் ஏறினாள்.

விழா மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்து அழைப்பிதழ் கொடுத்தார்கள். அழைப்பிதழைத் தயாரித்தவர் தமிழ்மணி. போன வருஷம் தலைவர் தன் வரலாற்றைத் தானே எழுதி வெளியிட்ட விழாவின் அழைப்பிதழை அச்சகத்தில் கொடுத்து, நூல் என்று வருகிற இடத்திலெல்லாம் நாய் என்று போடச் சொல்லியிருந்தார். அச்சகத்தார் சொன்னதைச் செய்கிறவர்கள். ஆகவே அதில் இப்படி இருந்தது:

"நாய் வெளியீட்டு விழா. நாய் அறிமுக உரை: செயலாளர். நாய் ஆய்வுரை: தகுதி ஆய்வாளர். முதல் பிரதியை வெளியிடுபவர்: ஜீவகாருண்யச் செம்மல். பெற்றுக்கொண்டு ஏற்புரை: சிறப்பு விருந்தினர். அரங்கில் நாய் சிறப்புத் தள்ளுபடியில் கிடைக்கும்."

படித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. விழா அழைப்பிதழை யார் படிக்கிறார்கள்? தங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து விசிறிக்கொண்டார்கள்.

முதல் பிரதி பொட்டு. மேடை ஓரத்தில் கயிற்றில் கட்டியிருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, கழுத்தை இழுத்துக்கொண்டே இருந்தது. கெங்கம்மாள் போய்ப் பக்கத்தில் நின்றதும் அவள் காலில் சாய்ந்து அடங்கியது. "இருக்கட்டும், அங்கியே நில்லுங்கம்மா" என்று யாரோ சொன்னார்கள்.

செயலாளர் நாயை அறிமுகப்படுத்தினார். பிரபாவதி நாயை ஆய்வு செய்தாள். தலைவர் எழுந்தார்.

"சில பேர் கேக்கறாங்க, கூண்டு எப்பிடிங்க நிரந்தர இல்லமாகும்னு. நான் கேக்கறேன், கூண்டவிட நிரந்தரமானது இன்னா இருக்குது? வீடுன்னா நாய் வெளிய போவும், வரும். கூண்டுல அந்தப் பேச்சே கெடையாது. நம்ம நாய்ங்க ஒண்ணாவது வீட்ட விட்டு ஓடிச்சின்னு யாராவது புகார் சொல்ல முடியுமா?"

யாராலும் சொல்ல முடியவில்லை. கை தட்டினார்கள்.

அப்போதுதான் தமிழ்மணியின் ஃபோன் அடித்தது. சிறப்பு விருந்தினர் வரவில்லை. இன்னொரு மண்டபத்தில் இன்னொரு முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டிருக்கிறாராம், அங்கே சாப்பாடு உண்டாம்.

மேடையில் நடுநாற்காலி காலியாக இருந்தது. பத்திரிகைக்காரர்கள் கேமராவைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்கள். தலைவர் மைக்கை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். "யோவ், வெளியிட நான் இருக்கறேன். பெத்துக்க ஆள் வேணாமா? நானே வெளியிட்டு நானே வாங்கிக்கவா? ஜல்தி யாரையாவது ஏத்து!"

தமிழ்மணி சுற்றுமுற்றும் பார்த்தார். மேடை ஓரத்தில், வெளுத்த தலையும் நெடுநெடு உயரமும் கொசுவம் கலையாத நூல் புடவையுமாக ஒரு பெரிய மனுஷி நின்றுகொண்டிருந்தாள். ஃபோட்டோவில் அருமையாக விழுவாள்.

"அம்மா, உங்களுக்கு எந்த ஊரு, இன்னா பண்றீங்க?"

கெங்கம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். அதே கேள்வி. ஆனால் இந்தத் தடவை அவர் தலையை நிமிர்த்திக் கேட்டார். அதனால்தான் அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. முன்னே பின்னே பார்த்திருந்தால்தானே?

"வல்லத்துக்கு அந்தாண்டங்க. பயிரு, ஆடு."

தமிழ்மணி மைக்கைப் பிடுங்கினார். "வல்லம் வட்டாரத்தின் மூத்த வேளாண் பேரரசி, கால்நடைகளின் காவல் தெய்வம், அம்மையார்..." குனிந்து பெயரைக் கேட்டுக்கொண்டு, "கெங்கம்மாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!"

கீழே சவுரியம்மாள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பிரபாவதி மேடையில்தான் இருக்கிறாள். பார்த்துவிட்டால்? பிரபாவதி பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தாள். வரப்பில் நின்றவளைத்தான் அவளுக்குத் தெரியும். நடுநாற்காலியில் பொன்னாடையோடு உட்கார்ந்திருப்பவளைத் தெரியாது. எழுந்து வணக்கம் சொன்னாள்.

தலைவர் பொன்னாடை போர்த்தினார். தன் படம் போட்ட நினைவுப் பரிசைக் கொடுத்தார். பிறகு, கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, கயிற்றின் நுனியைப் பிடித்து நீட்டினார். கேமராக்கள் மின்னின. "நாயை ஜீவகாருண்யச் செம்மல் வெளியிட, அம்மையார் பெற்றுக்கொள்கிறார்!" கெங்கம்மாள் கயிற்றை வாங்கினாள். இன்னொரு தடவை கொடுங்கள் என்றார்கள் பத்திரிகைக்காரர்கள். தலைவர் இன்னொரு தடவை கொடுத்தார். அவள் இன்னொரு தடவை வாங்கினாள்.

"ஏற்புரைம்மா. ரெண்டு வார்த்த."

கெங்கம்மாள் மைக் எதிரே நின்றாள். கூட்டத்தில் சவுரியம்மாளைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"குடுத்தாங்க. வாங்கிக்கினேன். எல்லாரும் பாத்துக்கினீங்க இல்ல? சரி, நான் வர்றேன்."

கை தட்டல் அடங்க நேரமானது. அவ்வளவு சுருக்கமான ஏற்புரையை அந்த மண்டபம் அதுவரை கேட்டதில்லை. அவள் பொன்னாடையோடும் பரிசோடும் நாயோடும் படியிறங்கி, வாசலைப் பார்த்து நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. சிறப்பு விருந்தினர் என்றால் பாதியில் கிளம்பத்தானே வேண்டும்? "அம்மையாருக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது, வழி விடுங்கள்" என்று தமிழ்மணியே மைக்கில் சொன்னார். வழி விட்டார்கள். சவுரியம்மாள் மல்லாட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

பஸ்ஸில் கண்டக்டர் மறித்தார். "இன்னாம்மா, நாயெல்லாம் ஏத்தறீங்க?"

கெங்கம்மாள் பொன்னாடையை அவிழ்த்துப் பொட்டுக்குப் போர்த்தி, நினைவுப் பரிசை அதன் முன்னங்காலுக்கிடையே வைத்தாள். "விழாவுலேர்ந்து வர்றாருப்பா" என்றாள்.

ஜரிகையையும் மீசைப் படத்தையும் பார்த்த கண்டக்டர் கடைசி சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார்.

மறுநாள் காலை, கூண்டுகளை எண்ணியபோது ஒரு நாய் குறைந்தது. சவுரியம்மாளுக்கு ஃபோன் வந்தது.

"கோதண்டபாணி எங்கம்மா?"

"தலைவரு கையால குடுத்தாரே சார். பேப்பர்ல வந்திருக்குதே."

வந்திருந்தது. மீசை முழுசாக விழுந்திருந்தது. "ஆதரவற்ற நாய்க்கு நிரந்தர இல்லம் அளித்தார் ஜீவகாருண்யச் செம்மல்" என்று தலைப்பு. தமிழ்மணி பழைய தேர்வு முடிவுகளைப் புரட்டி, பெயரைப் பார்த்து, வியர்த்துப்போய்த் தலைவரிடம் ஓடினார். அந்தச் சம்பாஷணை ஏசி அறைக்கு வெளியேயும் கேட்டதாகத் தண்ணீர் தெளிக்கிற ஆள் பிறகு சொன்னான்.

"ஐயா, அந்தம்மாவுக்குத் தகுதியில்லன்னு நாமளே எழுதியிருக்கறோம்!"

"அது வேற அம்மாய்யா. இது சிறப்பு விருந்தினர்."

"ரெண்டும் ஒரே ஆளுங்கய்யா. நாயத் திருப்பி வாங்கிடலாமா?"

"பேப்பர்ல குடுத்தாச்சி. குடுத்தத வாங்கினா, ஃபோட்டோவ இன்னா பண்றது? பேசாம போய் அந்த வீட்டத் தகுதியாக்கிட்டு வரச் சொல்லு பிரபாவதிய."

பிரபாவதி போவதற்கு வைகாசி ஆகிவிட்டது. அன்று சவுரியம்மாளும் அங்கே இருந்தாள். உளுந்துக் கணக்கு பேச வந்ததாகச் சொல்லிக்கொண்டாள். கையில் ஒரு தூக்கு நிறைய மாவும் இருந்தது. பொட்டு இப்போது முழங்கால் உயரம். குரல் திரும்பியிருந்தது. அவளைக் கண்டதும் பாய்ந்து வந்து, கையை, முகத்தை, தூக்கைக்கூட நக்கியது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் குனிவதற்குள் ஓர் ஆட்டுக்குட்டி எங்கோ கத்தியது. ஓடிவிட்டது. சவுரியம்மாள் காற்றைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வகுப்புலல்லாம் ஒழுங்காதான் ஒக்காந்தேன்க்கா" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஃபெயிலாயிட்டடி நீ" என்றாள் கெங்கம்மாள்.

பட்டியடியில் பொன்னாடை விரித்திருந்தது. பொட்டுவின் படுக்கை. பட்டித் தட்டியில் நரி நுழைகிற ஓட்டையைத் தலைவரின் நினைவுப் பரிசு அடைத்துக்கொண்டிருந்தது. இருபது வருஷத் தொண்டில் முதல் முறையாக அவர் ஓர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

ரோட்டில் கார் வந்து நின்றது. பிரபாவதி இறங்கி வரப்பில் ஒரு காலை வைத்தாள். அடுத்த நொடி பொட்டு அவள் முன்னால் நின்றது. பல் தெரிந்தது. அவள் கிழக்கே நகர்ந்தாள், அதுவும் நகர்ந்தது. மேற்கே போனாள், அங்கேயும் அதுதான். மூன்று ஏக்கரின் எந்த மூலையிலும் அவளால் கால் வைக்க முடியவில்லை.

"கோதண்டபாணி!" என்று அதட்டிப் பார்த்தாள். அது காதைக்கூட அசைக்கவில்லை. விதிமுறை ஞாபகம் வந்து, கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினாள்: "கோதண்டபாணி சார், கொஞ்சம் வழி விடுங்க சார்!"

உர்ரென்றது.

கெங்கம்மாள் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "பொட்டு" என்றாள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில். அது திரும்பி ஓடி வந்து, அவள் மடியில் தாடையை வைத்துக்கொண்டது.

பிரபாவதி வரப்பைத் தாண்டி வரவில்லை. காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கொண்டுவந்த படிவத்தை நிரப்பினாள்.

"காம்பவுண்டுச் சுவர்: உள்ளது."